கூட்டத்தில் வாய் திறக்காதவர்

அவர் வேதியியல் துறையில் ஒப்பந்த விரிவுரையாளர். வருஷா வருஷம் கடிதம் வந்தால்தான் வேலை உண்டு. அப்படிப் பதினோரு கடிதம் வாங்கியாயிற்று. பக்கத்து மேஜை மேடமும் அதே ரகம்தான். அதே அறை, அதே கடிதம். மேடம் முனைவர் பட்டம் வாங்கியவர், இவர் வாங்காதவர். ஆனாலும் மாணவர்களுக்கு இவர்தான் "டாக்டர் சார்", மேடம் வெறும் "மிஸ்". ஆரம்பத்தில் இவர் திருத்திப் பார்த்தார். அப்புறம் காதுக்குப் பழகிவிட்டது.

ஆய்வகக் கையேட்டை எழுதியது மேடம். இரண்டு கோடை விடுமுறை உட்கார்ந்து, ஒவ்வொரு சோதனையையும் தானே செய்துபார்த்து எழுதினார். இவர் பங்கு நாலு படம், கொஞ்சம் எழுத்துப்பிழை திருத்தம்.

துறைக் கூட்டத்தில் தலைவர் கையேட்டைத் தூக்கிக் காட்டினார். "நம்ம டாக்டர் சாரோட உழைப்பு. நிரந்தர ஆளுங்களே இப்படிச் செய்யறதில்ல!"

எல்லாரும் கைதட்டினார்கள். தலைவர் மேடம் பக்கம் திரும்பி, "நீங்க கூட்டக் குறிப்பு எழுதிடறீங்களா? உங்க கையெழுத்து அழகு" என்றார்.

இவர் வாய் திறக்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் கைதட்டல். ஒரே ஒரு நிமிஷம் அனுபவித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே, "எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான். நான் போட்ட ரிப்போர்ட்டுக்குப் பக்கத்து சீட்காரர் பாராட்டு வாங்குவாரு. அவரும் நல்லவருதான்" என்றாள்.

அந்த 'நல்லவருதான்' முள்ளாய்த் தைத்தது.

மறுநாள் காலையிலேயே தலைவர் அறைக்குப் போனார். "அது மேடம் எழுதினது சார். நேத்தே சொல்லியிருக்கணும்."

"அட, ஒரே ரூம்தானே ரெண்டு பேரும்? அவங்க தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

இவர் விடவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதித் துறையில் எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார்.

மேடம் அதைப் படித்துவிட்டு நாற்காலியைத் திருப்பினார். "தேங்க்ஸ் சார். ஆனா நேத்து சாயங்காலமே வேற காலேஜுக்கு விண்ணப்பம் போட்டுட்டேன்."

"என் மேல கோபமா?"

"தலைவர் எப்படின்னு எனக்குத் தெரியும். உங்ககிட்டதான் எதிர்பார்த்தேன்."

இரண்டு மாதத்தில் அந்த வேலை கிடைத்தது. கிளம்பும் நாளில் புத்தகப் பெட்டிகளை வாசல் வரை இவர்தான் சுமந்து வந்தார். மேடம் சகஜமாகத்தான் பேசினார். மூன்றாவது சோதனையில் அமிலம் அதிகம், அடுத்த பதிப்பில் குறைத்துவிடச் சொன்னார்.

"மன்னிச்சிருங்க மேடம்."

"சரி, விடுங்க சார்."

மேடம் விட்டுவிட்டார் போலிருந்தது. இவரால்தான் முடியவில்லை.