லிப்ட் உள்ள வீடு

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து முன்சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்திருந்தாள். மடியில் நான் பிரித்து வைத்த பிளாஸ்டிக் கவர். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது அவளுக்குக் கண்டிப்பாகக் குமட்டும். ஊசி குத்திய கையில் யாரும் இடித்துவிடக் கூடாதென்று நான் சீட்டுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியை நகர்த்த முடியாது, வீட்டை நகர்த்தலாமே என்று தோன்றியது. அவ்வளவு சுலபமான விஷயம் இத்தனை மாதமாக ஏன் தோன்றவில்லை என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

எங்கள் ஊர் ஒலக்கூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊரிலிருந்து திண்டிவனத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து விழுப்புரத்துக்கு இன்னொன்று, இறங்கியதும் ஷேர் ஆட்டோ. அம்மாவுக்கு மெஷினில் இடம் கிடைத்தது விழுப்புரத்தில்தான். வாரத்துக்கு இரண்டு முறை போய்வர வேண்டும். அப்பா இல்லை. நான் விழுப்புரத்தில் ஒரு கோச்சிங் சென்டரில் வேலைத் தேர்வு எழுதுகிறவர்களுக்குக் கணக்கு சொல்லித்தருகிறேன். அம்மாவை மெஷினில் படுக்கவைத்துவிட்டு வகுப்புக்கு ஓடுவேன், வகுப்பு முடிந்ததும் திரும்பி ஓடுவேன்.

அதற்கு முந்தின வாரம் அம்மா சொல்லியிருந்தாள்: "இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம் பாப்பா. மெஷினக்கூட தாங்கிக்கினு இருக்கேன். இந்த பஸ்ஸுதான் முடியல."

நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அம்மாவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

அதனால் டோல்கேட் தாண்டுவதற்குள் நான் போனில் வீடு தேட ஆரம்பித்துவிட்டேன். எனக்கு எதிலும் அப்படித்தான், ஒன்று தோன்றிவிட்டால் கை சும்மா இருக்காது. அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலிருக்கிற தெருக்களில் நடந்து, டூ-லெட் போர்டு தொங்கும் வீடுகளையெல்லாம் படம் எடுத்துக்கொண்டேன்.

முதல் வீட்டில் சார் ஒருவர் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சொந்த ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். "ஊருக்குள்ளயா, ஊரவிட்டுத் தள்ளியா?" என்றார். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். நான் பதில் யோசித்த அந்த நேரமே அவருக்குப் போதுமாக இருந்தது. "வீடு நேத்தே முடிஞ்சிடிச்சிம்மா. பையன் போர்ட எடுக்காம வச்சிக்கினு இருக்கான்" என்றார். அந்த போர்டு அடுத்த மாதமும் அங்கேதான் தொங்கியது.

இன்னொரு வீட்டில் ஊர் தெரு எதையும் கேட்கவில்லை. நான் நிம்மதியாகி, அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது, பக்கத்தில் இருந்தால் வசதி என்று உளறிவிட்டேன். அந்த அம்மாவின் முகம் மாறியது. "தப்பா எடுத்துக்காதம்மா. புதுசா கட்ன ஊடு. முதல்ல வர்றவங்க நல்லபடியா இருந்தாதான் எங்களுக்கும் நல்லது. நாளைக்கே எதுனா ஒண்ணு ஆயிடிச்சின்னா யாரு குடி வருவாங்க சொல்லு." அன்றைக்கு மெஷினிலிருந்து என்னோடு நேரே வந்திருந்த அம்மா, தெருவில் நிறுத்திய ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். ஆட்டோ கிளம்பியதும், "நல்லவங்கதான் பாவம், சாவு உழுந்துடும்னு பயப்படுறாங்க" என்றாள்.

ஆக மறைக்க வேண்டியது இரண்டாயிற்று.

அப்போதுதான் அபார்ட்மெண்ட் என்று முடிவு செய்தேன். தனி வீடு என்றால் ஓனர் கீழே இருப்பார், வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அபார்ட்மெண்டில் அவரவர் கதவு, அவரவர் காலிங் பெல். எதிர்வீட்டில் யாரென்று வருஷக் கணக்கில் தெரியாமல் இருக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். மெஷினிலிருந்து எழுந்த நாளில் அம்மாவால் படி ஏற முடியாது, அதற்கு லிப்ட் இருக்கும். இதை சென்டரில் கூட வேலை செய்கிற அக்காவிடம் ஒரு கண்டுபிடிப்பு மாதிரிச் சொன்னேன். அந்த அக்கா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "விழுப்புரத்துல லிப்ட் வந்துடிச்சின்னா, அதுல ஏறுறவங்களும் விழுப்புரத்துக்காரங்கதான பாப்பா" என்று சிரித்தது.

புரோக்கர் ஒருவர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கட்டடத்தைக் காட்டினார். நான்கு மாடி, இரண்டாம் மாடியில் வீடு, லிப்ட் உண்டு. ஓனர் குடும்பம் எதிர் வீட்டிலேயே இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோ ஏறும் இடம் தெரிந்தது. புரோக்கர் படியிலேயே எனக்குப் பாடம் எடுத்தார். "அந்தம்மா இன்னா ஆளுன்னு கேட்டா கிறிஸ்டியன்னு சொல்லு. சொல்லிட்டு நிறுத்திக்க. மேல ஒண்ணும் பேசாத." நாங்கள் வேதக்காரர்கள்தான், அது பொய்யில்லை.

நான் அன்றைக்கு நிறுத்தவே இல்லை. வீட்டுக்காரம்மா கேள்வி கேட்க வாய் திறக்கும் முன்பே பைப்பில் எந்த நேரம் தண்ணீர் வரும், பின்பக்கம் வெயில் அடிக்குமா, இன்வெர்ட்டர் பாயிண்ட் எங்கே என்று நானே கேட்டுக்கொண்டிருந்தேன். படித்த பெண், பெரிய பெரிய பசங்களுக்கு கிளாஸ் எடுக்கிறது, அம்மாவும் பெண்ணும் மட்டும்தான் என்று அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத வல்லம் பக்கம் அவர்களுக்கு வேர்க்கடலை போடுகிற நிலம் இருக்கிறதாம். "மல்லாட்ட வந்தா உங்களுக்கும் ஒரு படி தர்றேன்" என்றார்கள். அட்வான்ஸ் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

குடிபோகிற நாளுக்கு முன்னால் அம்மாவுக்கு நான் வகுப்பெடுத்தேன். சோபாவில் உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும், தரையில் உட்காரக் கூடாது. ஊரைக் கேட்டால் திண்டிவனம் என்று சொல்ல வேண்டும். கைக் கட்டு தெரியாமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும். என்ன வேலை என்றால் வீட்டில்தான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நடுவில் ஒருமுறை, "பரிச்சைக்குப் போற மாதிரி இருக்குது" என்றாள்.

குட்டியானையில் சாமான் ஏற்றிக்கொண்டு போனோம். கட்டில், பீரோ, பாத்திர மூட்டை, என் புத்தகப் பெட்டிகள். முதலில் மாதா படத்தை வைத்துப் பால் காய்ச்சிவிட்டு, பிறகு சாமான் இறக்கலாம் என்பது ஏற்பாடு. பால் பாக்கெட்டும் புதுக் கிண்ணமும் அம்மாவின் மடியில் இருந்தன. டிரைவரைக் கீழே நிறுத்திவிட்டு லிப்டில் ஏறினோம். அம்மா வாழ்க்கையில் முதன்முதலாக லிப்டில் ஏறினாள். கதவு மூடியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, திறந்ததும் விட்டுவிட்டாள்.

வீட்டுக்காரம்மா நன்றாகத்தான் வரவேற்றார்கள். "வாங்க, வாங்க. உக்காருங்க. காபி சாப்ட்டுதான் சாவி தருவேன்." அம்மா சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். அவளுக்கு நாள் முழுக்கக் குடிக்கிற தண்ணீருக்கே அளவு உண்டு, அதனால் பாதி போதும் என்று நான் சொன்னேன். காபி வந்தது, குடித்தாள். வீட்டுக்காரம்மா சாவி எடுக்க உள்ளே போனார்கள். கீழேயிருந்து டிரைவர் போன் செய்தான், வண்டியை எடுக்கச் சொல்லி யாரோ சத்தம் போடுகிறார்களாம். நான் பால்கனிக்குப் போய் அவனிடம் பேசிவிட்டுத் திரும்பினேன்.

சோபாவில் அம்மா இல்லை.

வெளியே லிப்டுக்குப் பக்கத்தில், தரை கழுவுகிறவர்களுக்காக ஒரு குழாய் இருந்தது. அம்மா அங்கே குனிந்து டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கையை உயர்த்தி வைத்துக்கொண்டு இன்னொரு கையால், விரலை உள்ளே விட்டு நன்றாகத் தேய்த்தாள். நான் கூப்பிடுவதற்குள் கதவுக்கு வெளியே, செருப்பு ஸ்டாண்டை ஒட்டிச் சுவரோரமாக டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். எங்கள் ஊரில் கழனி வேலைக்குப் போகிற வீடுகளில் அப்படித்தான் செய்ய வேண்டும். குடித்த டம்ளரைத் தானே கழுவி, வாசலுக்கு வெளியே கவிழ்க்க வேண்டும்.

வீட்டுக்காரம்மா சாவியோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தார்கள்.

"ஏன் அங்க வச்சிட்டீங்க?"

"இருக்கட்டும்மா. கழுவிட்டேன்" என்றாள் அம்மா.

வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் மரியாதை தெரிந்த மனுஷி என்று நினைத்திருப்பார்கள். இவர்கள் வல்லம் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்கள். அந்த டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு அம்மாவைப் பார்த்து, "கழனி வேலைக்கெல்லாம் போவியா?" என்றார்கள்.

நான் வாய் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள். "போவேன்மா. நடவு, களையெடுக்கறது, மல்லாட்ட புடுங்கறது எல்லாம் செய்வேன். இப்பதான் ஒடம்பு முடியல." அதைச் சொல்லும்போது அவள் குரலில் அன்றைக்கு முதன்முதலாக ஒரு தெளிவு இருந்தது.

வீட்டுக்காரம்மா உள்ளே போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்தார்கள். "சாவிய எங்க சாரு எடுத்துக்கினு போயிட்டாரு போல. ஒயரிங் வேல வேற பாக்கி இருக்குதாம். நானே போன் பண்றேன் பாப்பா." சாவியின் வளையம் அவர்கள் விரலிடுக்கில் தெரிந்தது. "சரிங்கம்மா" என்றேன். கவிழ்த்த டம்ளர் அங்கேயே இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. இறங்கும்போது லிப்டில் ஏறாமல் அம்மா படிப் பக்கம் போனாள். நானும் போனேன். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினாள்.

டிரைவர் கயிற்றை அவிழ்த்துத் தயாராக நின்றான். "இன்னா மேடம், எறக்க வேணாமா? சாமானுக்கு விழுப்புரத்த சுத்திக் காட்டவா ஏத்திக்கினு வந்தீங்க?" என்று சிரித்தவன் எங்கள் முகத்தைப் பார்த்ததும் கயிற்றை மறுபடி கட்ட ஆரம்பித்தான். ஊர் வரும்வரை பாட்டுப் போடவில்லை.

தெருவில் வண்டி நுழைந்ததும் பக்கத்து வீட்டுச் சித்தி வெளியே வந்தது. "இன்னாக்கா, போன வேகத்துல வந்துட்டீங்க? டவுனு புடிக்கலியா?"

"தண்ணி சரியில்ல" என்றாள் அம்மா. பால் பாக்கெட்டைச் சித்தி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள்.

அட்வான்ஸ் சாயங்காலமே போனில் திரும்பி வந்துவிட்டது. கூட ஒரு வார்த்தை இல்லை. புரோக்கர் மட்டும் கூப்பிட்டு, "உங்கம்மாவ ஏம்மா கூட்டிக்கினு போன?" என்று கேட்டார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னபோது அம்மா எழுந்திருக்கவில்லை. கெஞ்சினேன், கத்தினேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாளில் கால் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தபோது நான் கேட்டேன், கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான்: "அத ஏம்மா கழுவுன?"

"நீ சொன்னதெல்லாம் ஞாபகம் வச்சிக்கினுதான் இருந்தேன் பாப்பா. சோபாவுல உக்காந்தேன். கைய மூடிக்கினேன். டம்ளரப் பத்தி நீ ஒண்ணும் சொல்லலியே."

கணக்கில் ஒரு வரியை விட்டுவிட்டால் எங்கே விட்டோம் என்று பசங்களுக்குக் காட்டிவிடுவேன். இது அப்படி இல்லை. டம்ளரைச் சொல்லியிருந்தால் வேறொன்று இருந்திருக்கும். அவள் உடம்பில் எத்தனை பழக்கம் இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும், அவளுக்கே தெரியாது.

மறுநாள் ஒரு கார் பிடித்து அவளை மெஷினில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன். ஊசி குத்தும்போது நர்சம்மா நன்றாகத் திட்டினார்கள். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டோம். ரத்தம் குழாயில் போய்த் திரும்பிக்கொண்டிருந்தபோது அம்மா தானாகவே பேசினாள். "வேற ஊடு பாரு. வர்றேன். ஆனா வாய மூடிக்கினு வரமாட்டேன். அங்க போயும் எதயாவது மறச்சிக்கினே இருந்தா எனக்குத் தூக்கம் வராது." பிறகு, "பஸ்ஸு இன்னும் கொஞ்ச நாளைக்கித் தாங்குவேன். ரொம்ப நாளு முடியாது" என்றாள்.

ரயில்வே கேட் பக்கம் புதிதாக ஒரு கட்டடம் எழும்பியிருக்கிறது. மூன்று மாடி, லிப்ட் இருக்கிறதாம். போர்டில் இருந்த நம்பரை எடுத்து வைத்திருக்கிறேன். அதற்குப் பின்னால் இன்னும் சில நம்பர்கள். நாளைக் காலை வகுப்புக்கு முன்னால் கூப்பிடப் போகிறேன். தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கப் போவதில்லை. வணக்கம் சொல்லிவிட்டு, எங்கள் ஊர், எங்கள் தெரு, நாங்கள் யார், அம்மாவுக்கு என்ன உடம்பு என்பதைச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் வீடு காலியாக இருக்கிறதா என்று கேட்கப் போகிறேன். அவர்கள் போனை வைத்துவிட்டால் அடுத்த நம்பர். சொல்லிப் பார்த்தேன், ஒரே மூச்சில் சொல்ல முடிகிறது. ஆனால் அவசரமில்லாமல், அவர்களுக்குப் புரியும்படி நிறுத்திச் சொல்ல வேண்டும். அதுதான் இன்னும் வரவில்லை.