நின்ற கால்களும் கல்லுப்பும்

என் மகள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் தினத்துக்கு ஆளுக்கொரு கண்ணாடி ஜாடி கொடுத்திருக்கிறார்கள். உள்ளே ரோஸ் நிறத்தில் உப்புக் கற்கள், நடுநடுவே காய்ந்த பூவிதழ். பாத் சால்ட்டாம். வெந்நீரில் கரைத்துக் காலை வைத்தால் அன்றாட அலுப்பெல்லாம் இயற்கையாகவே கரைந்துவிடும் என்று மேலே ஒட்டியிருந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். வாசனையைக் குறை சொல்ல முடியாது.

"உங்க கிளாஸ்ல டீச்சருக்குச் சேர் உண்டா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எடுத்துட்டாங்கம்மா" என்றாள், போனிலிருந்து தலையைத் தூக்காமலே.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு உப்பைக் கையில் கொடுக்கிறார்கள். அதை இவளும் நன்றி சொல்லி வாங்கி வந்திருக்கிறாள். என் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அஸ்தினாபுரம் பக்கம் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். பள்ளியின் பெயர் இப்போது எதற்கு. வீடு முடிச்சூரில். அப்போது அங்கே பாதி வயல், பாதி மனைக்கல். தாம்பரம் வரை ஒரு பஸ், அப்புறம் இன்னொரு பஸ், கடைசியில் ஷேர் ஆட்டோ. ஆட்டோவில் மட்டும்தான் உட்கார இடம் கிடைக்கும், அதுவும் டிரைவரோடு பாதி சீட்டில். என் அன்றாட ஓய்வே அந்தப் பாதி சீட்டுதான் என்று பிறகுதான் உறைத்தது.

ஏனென்றால் ஒரு கோடை விடுமுறை முடிந்து போனபோது வகுப்புகளில் எங்கள் நாற்காலிகளைக் காணோம். பள்ளியை நடத்திய கரஸ்பாண்டென்ட் மீட்டிங் போட்டு விளக்கம் சொன்னார். "டீச்சர் உட்கார்ந்தா கிளாஸே உட்கார்ந்துடும்." பிள்ளைகள் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருக்கிறார்கள் என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. அவருடைய அறையில் டர்க்கி டவல் போர்த்திய சுழல் நாற்காலி ஒன்று இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

சாயங்காலம் செருப்பு காலில் நுழையாது. சயின்ஸ் எடுக்கும் விஜயா மிஸ்ஸின் வீடு பள்ளிக்குப் பின் தெருவில். தமிழ் எடுக்கும் கற்பகம் மிஸ்ஸும் நானும் பள்ளி விட்டதும் நேரே அங்கே போய்விடுவோம். பின்பக்கம் துவைக்கிற கல்லருகே ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப். விஜயா மிஸ் பக்கத்துக் காலி மனையில் வேலியாக நின்ற நொச்சியில் ஒரு கொத்து ஒடித்துப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, விளாவி, கைநிறையக் கல்லுப்பை அள்ளிப் போடுவார். நொச்சி வாசனை மூக்குக்குள் ஏறியதுமே பாதி வலி போய்விடும். முதல் நாள் என் குதிகால் வெடிப்பில் உப்பு ஏறி நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "எரிஞ்சாத்தான் மிஸ் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார் விஜயா மிஸ். அப்புறம் குட்டையில் இறங்கிய எருமை மாதிரி எழுந்திருக்க மனமே வராது. கற்பகம் மிஸ் கண்ணை மூடிக்கொண்டு நல்ல செந்தமிழில் கரஸ்பாண்டென்ட்டைத் திட்டுவார். அதைக் கேட்டால் மீதி வலியும் போய்விடும்.

அந்த வருஷம் விஜயா மிஸ் முழுகாமல் இருந்தார். ஏழாம் மாதத்தில் காலை விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். ஒரே ஒரு நாற்காலி கேட்டுப் போனார். "ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பீங்க. முடியலன்னா வீட்ல ரெஸ்ட் எடுங்க மிஸ்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், தலை சுற்றி, முன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். கரஸ்பாண்டென்ட் உள்ளே வந்து பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டாராம்: "உங்க மிஸ்ஸும் இந்தக் கிளாஸ்தானா? அட்டெண்டன்ஸ்ல பேர் சேக்கலாமா?" பிள்ளைகள் சிரிக்கவில்லை. விஜயா மிஸ் எழுந்து நின்று பாடத்தை முடித்தார்.

அன்று சாயங்காலம் அவர் அழவில்லை. டப்பில் காலை வைத்தபடி சொன்னார். "இந்த உப்புத் தண்ணியால யாருக்கு லாபம் தெரியுமா மிஸ்? அவருக்குத்தான். தினமும் நம்ம செலவுல கால ரிப்பேர் பண்ணி, மறுநாள் மறுபடியும் அவர்கிட்டக் கொண்டுபோய் நிறுத்தறோம்."

எனக்குத் தண்ணீர் சில்லிட்டுப் போன மாதிரி இருந்தது.

அந்தச் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். பெற்றோருக்கு வாடகை நாற்காலிகள், நாங்கள் வழக்கம்போல் மேஜையோரம் நின்றுகொண்டு. விஜயா மிஸ் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா மார்க்கெட்டில் மீன் விற்பவர். உட்காரப் போனவர் விஜயா மிஸ்ஸை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா டீச்சர், வவுத்துல புள்ளய வச்சிகினு நின்னுகினே கீற? குந்து."

"உட்காரக் கூடாதுங்க. ஸ்கூல் ரூல்" என்றார் விஜயா மிஸ், எல்லோருக்கும் கேட்கும்படி.

"யார் போட்ட ரூலு?"

விஜயா மிஸ் தயங்காமல் கையை நீட்டினார். ஹாலின் அந்தக் கோடியில் கரஸ்பாண்டென்ட் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா தன் நாற்காலியைத் தூக்கி விஜயா மிஸ்ஸுக்குப் பின்னால் வைத்தார். "நீ குந்து. எவன் வந்து கேக்கறான்னு நான் பாக்கறேன்."

விஜயா மிஸ் உட்கார்ந்தார். கற்பகம் மிஸ் ஒரு காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். கரஸ்பாண்டென்ட் பெற்றோரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, "மிஸ்ஸுங்களுக்கெல்லாம் சேர் போடுங்கப்பா" என்றார், என்னமோ நாங்கள்தான் இத்தனை நாள் வேண்டாம் என்றது போல.

திங்கட்கிழமை வாடகை நாற்காலிகள் கடைக்குத் திரும்பிவிட்டன. பிரசவ லீவுக்குப் போனால் திரும்பி வர வேண்டாம் என்று விஜயா மிஸ்ஸிடம் சொல்லியனுப்பினார்கள். கற்பகம் மிஸ்ஸும் நானும் அந்தச் சுழல் நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, அப்படியானால் நாங்களும் போகிறோம் என்றோம். "தாராளமா" என்றார். மூவரும் ஒன்றாகவே வெளியே வந்தோம். எனக்குத் தாம்பரத்தில் வேறு பள்ளி கிடைத்தது. விஜயா மிஸ்ஸுக்குப் பெண் குழந்தை. ஊரப்பாக்கம் போய் வீட்டிலேயே டியூஷன் ஆரம்பித்தார். அடுத்த வருஷம் அந்தப் பள்ளியில் ஸ்டூல் போட்டதாகக் கேள்விப்பட்டேன். முதுகு சாயக் கூடாதல்லவா.

விஜயா மிஸ்ஸின் வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் கீழே கார் நிறுத்தும் அடுக்குமாடி. காலி மனையும் இல்லை, நொச்சி வேலியும் இல்லை. போகட்டும், வீடு இடிவதும் மனை கட்டடமாவதும் எங்கும் நடப்பதுதான். நேற்று மகள் வந்ததும் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, காலை ஊறவைத்திருந்தாள். வெளியே வந்ததும் கேட்டேன்: "உங்க ஸ்கூல்ல மத்த மிஸ்ஸுக்கெல்லாம் கால் வலி இல்லையா?"

"தெரியலம்மா. நாங்க அதெல்லாம் பேசிக்க மாட்டோம்."