எனக்கு முன்னாடி போனவ

போன வருஷம் சித்திர மாசம், கத்திரி வெயிலு ஆரம்பிக்கிற நேரம். எங்க சின்ன காஞ்சிபுரத்துல தெருவே தோசக்கல்லு மாதிரி காஞ்சிக்கினு இருந்துச்சு. அந்த வெயில்ல எங்க வூட்ல மட்டும் சொட்டரு, சாலு, கம்பளி சாக்ஸுன்னு பேச்சு. ஏன்னா நாங்க ஒரு வாரம் மணாலிக்கு போறதா இருந்தோம். நான், என் மவன், மருமவ, மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேல பாக்குற பேத்தி. நான் மூணாங் கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கு கும்புடு போட்டவ. நான் சொல்லச் சொல்ல இத எழுதுறது அந்தப் பேத்திதான். நடுவுல அவ எதுனா சேத்திருந்தா நான் பொறுப்பில்ல.

டெல்லி வரைக்கும் ரயிலு, அங்கேந்து பஸ்ஸு. எந்த நாளு எங்க போவணும், எங்க சாப்டணும், எல்லாம் பேத்தி போன்ல போட்டு வெச்சிருந்தா. நடுவுல ஒரு நாளு "ரெஸ்ட்டு"ன்னு இருந்துச்சு. அவ்ளோ தூரம் போயி படுத்துத் தூங்குறதுக்கு, இங்கயே பாயில படுத்துக்கலாமேன்னு கேட்டேன். மொறச்சா. மவன் தறியில ஓடிக்கினு இருந்த முகூர்த்தப் பொடவைய நெஞ்சி முடிச்சி, தறியிலேந்து அறுத்துக் குடுத்துட்டுத்தான் ரயில் ஏறுவேன்னு நின்னான். கருட சேவைக்கு முன்னாடி வூடு திரும்பிடணும்னு மருமவ. எனக்கு ஒரு கவலையும் இல்ல. மெட்ராஸ்லேந்து வாங்கினு வந்த செவப்பு சொட்டரையும் கொரங்கு குல்லாவையும் போட்டுக்கினு கண்ணாடில பாத்தேன். மலைக்குப் போறவ மாதிரி இல்ல, மலைலேந்து எறங்கி வந்தது மாதிரி இருந்துச்சு.

ஒரே ஒரு வில்லங்கம். டிக்கெட்டு கெடச்சது செவ்வாக்கெழம. செவ்வாக்கெழம வடக்க சூலம், அன்னிக்கு வடக்கப் பாத்து கெளம்பக் கூடாது. பேத்திகிட்ட சொன்னா, "ஆயா, ரயில்காரன் சூலம் பாத்தா ஓட்றான்?"ன்றா. அதுக்கெல்லாம் எங்ககிட்ட வழி இருக்குது. பரஸ்தானம்னு பேரு. நல்ல நாள் பாத்து, கட்டிக்கிற துணிய மூட்டையா கட்டி இன்னொருத்தர் வூட்ல வெச்சிட்டா, ஆளு அன்னிக்கே கெளம்பிட்டா மாதிரி கணக்கு. அப்பறம் எந்த நாள்ல போனாலும் சூலம் ஒண்ணும் பண்ணாது. எங்க மாமியா மட்டும் இதுக்கு மேல ஒண்ணு சொல்லும்: "மூட்டைய வெச்சிட்டா பாதி ஆளு போயாச்சு. மிச்சம் பாதிதான் வூட்ல குந்திக்கினு இருக்கும்."

அதனால ஞாயித்துக்கெழமையே சொட்டரு, குல்லா, ரெண்டு பொடவ எல்லாத்தையும் ஒரு பையில போட்டு, ரெண்டு தெரு தள்ளி இருக்குற என் ஓரகத்தி வூட்ல கொண்டு போய் வெச்சேன். ஓரகத்தின்னா, எங்க வூட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி. எனக்கு அக்கா மாதிரி, அக்கான்னுதான் கூப்புடுவேன். அதுக்கு கொஞ்ச காலமா ஞாபகம் அறுந்து அறுந்து ஓடுது. காலைல சாப்டது இன்னான்னு மத்தியானம் கேட்டா தெரியாது. எங்க கல்யாணத்துல எந்தப் பந்தில எவன் சண்ட போட்டான்னு கேளு, எலையில வெச்ச கறியோட சொல்லும்.

அக்கா பைய தொறந்து சொட்டர தடவிப் பாத்துச்சு. "இவ்ளோ மொத்தமா? அப்டி இன்னாடி குளுரு?"ன்னு கேட்டுச்சு. நம்ம வாயி சும்மா இருக்குமா? "அக்கா, அங்க சொட்டரு இல்லாம வெளிய நின்னா ஆளு நின்ன எடத்துலயே கல்லாயிடுவாங்க. நம்ம பெருமா கோயிலு நூத்துக்கால் மண்டபத்துல ஒரு தூணு கொறஞ்சா என்னைத் தூக்கினு வந்து நட்டுடலாம்"னேன். அக்கா சிரிக்கல. "நீ எப்ப போற?"ன்னுச்சு. "இதோ மூட்டைய வெச்சிட்டேன் இல்ல, போயாச்சு. இனிமே என்னைத் தெருவுல பாத்தா நம்பாத"ன்னுட்டு வந்தேன்.

வூட்லயும் அதே கூத்துதான். மறுநாள் திங்கக்கெழம மருமவ பாத்திரம் தேய்க்கக் கூப்ட்டா. "நான்தான் நேத்தே கெளம்பிட்டேனே, ஊர்ல இல்லாதவள கூப்புடாத"ன்னு காலை நீட்டிக்கினேன். அவளும் தலையில அடிச்சிக்கினு போயிட்டா.

வெயிலு ஏறினப்பறம், ரயிலுக்குச் சுட்ட முறுக்க கட்றதுக்கு கவரு வாங்கலாம்னு தெருமொனைக்கு போனேன். பூக்காரம்மா என்னைப் பாத்ததும் கட்டினு இருந்த பூவ நழுவ விட்டுடுச்சு.

"இன்னாம்மா, இப்பதான் பையோட அந்தப் பக்கம் போன. கூப்ட கூப்ட திரும்பிக்கூட பாக்கல. இப்ப இந்தப் பக்கத்துலேந்து வர?"

நான் ஊரைக் கேலி பண்றவ. என்னையே கேலி பண்ணுதுன்னு நெனச்சிக்கினு, "அது என் தங்கச்சி, எனக்கு முன்னாடி போயி ஜன்னல் சீட்டு புடிக்கப் போறா"ன்னு சொல்லிட்டு நடந்தேன். ஆனா அந்தம்மா சிரிக்கல. கழுத்த திருப்பி, அந்தப் பக்கத்தையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்துக்கினு இருந்துச்சு.

நாலு கட தள்ளி மோரு விக்கிற பொண்ணு. "எங்கம்மா குல்லா? கழட்டிட்டியா?"ன்னா.

"இன்னா குல்லா?"

"கொரங்கு குல்லாதான். இந்த வெயில்ல குல்லாவும் செவப்பு சொட்டருமா போனியே, உனுக்கு இன்னாத்துக்கு இந்தக் குசும்புன்னு நானும் எங்க வூட்டுக்காரரும் சிரிச்சோம்."

எனக்கு அப்பதான் ஒறச்சுது. ஊருக்கெல்லாம் மணாலி போறேன்னு தமுக்கு அடிச்சேனே தவிர, குல்லாவ வெளிய யாருகிட்டயும் காட்டல. வெயிலு மண்டைய பொளக்குது, என் கையி ஐஸு மாதிரி இருக்குது. மிச்சம் பாதிதான் வூட்ல குந்திக்கினு இருக்கும்னு மாமியா சொன்னது காதுல கேக்குது. என் நெழலு கீழ விழுதான்னு குனிஞ்சி பாத்தேன். சத்தியமா பாத்தேன்.

அந்த நேரம் பாத்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து பக்கத்துல நின்னுச்சு. எங்க தெருப் பக்கம் ஓட்ற பையன், கல்யாணமாகி ரெண்டு கொழந்த இருக்குது. என் மூஞ்ச பாக்கல, கீழ என் காலையே பாத்தான்.

"இருக்குதுப்பா காலு, ரெண்டும் இருக்குது, மூட்டு வலியோட. இன்னா சொல்லு"ன்னேன்.

"ஆயா... உன்ன இப்பதான் பஸ் ஸ்டாண்டுல எறக்கி வுட்டுட்டு வரேன். மலைக்கான்னு கேட்டேன், ஆமான்னு தலைய ஆட்ன."

"மூஞ்ச பாத்தியா?"

"குல்லாக்குள்ள மூஞ்சி எங்க ஆயா தெரியுது? மலைக்குப் போறேன்னு ஊரெல்லாம் சொன்னது நீதான, சொட்டர பாத்ததும் நீதான்னு நெனச்சேன்."

அவ்ளோதான். மூட்டை! ஏறிக் குந்தி, அக்கா வூட்டுக்கு ஓட்டுன்னேன். கதவு தொறந்து கெடந்துச்சு. அக்கா மவனும் மருமவளும் வேலைக்குப் போயிட்ட வூடு. தறி சத்தம் இல்லாம கூடம் உம்முன்னு இருந்துச்சு. நான் பைய வெச்ச பெஞ்சு காலி. வாசல்ல அக்கா செருப்பு மட்டும் ஜோடியா இருந்துச்சு. உள்ள இருக்குதுன்னு நெனச்சி பின்கட்டு வரைக்கும் கூப்ட்டுக்கினே போனேன். யாரும் இல்ல.

பேயின்னு பயந்தது போயி, இப்ப நெஜமான பயம் வந்துச்சு. குல்லா போட்டுக்கினு போனது அக்காதான். அந்த வயசுல, வெறுங்கால்ல, கம்பளிய போத்திக்கினு கத்திரி வெயில்ல போயிருக்குது. பேரு கேட்டாலே சில நேரம் முழிக்கும். போனும் கெடையாது. எங்கனா சுருண்டு வுழுந்தா யாருக்குத் தெரியும்? அக்கா மவனுக்கு போன போட்டு சொல்லச் சொன்னேன், ஆட்டோக்கார தம்பி சொல்லிக்கினே வண்டிய திருப்பினான்.

பஸ் ஸ்டாண்டுல வெள்ளரிக்கா விக்கிறவங்ககிட்ட கேட்டோம். "குல்லா போட்ட ஆயாதான? முசரவாக்கம் பக்கம் போற பஸ்ல ஏறிச்சு"ன்னு கைய காட்னாங்க. அப்பறம் குரல கொறச்சி, "யாரையோ 'ஏய் நில்லுடி, நில்லுடி'ன்னு கூப்ட்டுக்கினே ஓடிச்சும்மா. முன்னாடி யாருமே போகல"ன்னாங்க.

ஆட்டோ போவுது. தம்பி கண்ணாடில என்னைப் பாத்துக்கினே ஓட்றான், நான் இன்னும் பின்னாடி இருக்கேனான்னு. வழியில ஒவ்வொரு ஸ்டாப்லயும் நிறுத்தி விசாரிச்சோம். நான் எட்டிப் பாத்ததும் ஒரு கெழவரு, "நீதான முன்னால பஸ்ல ஜன்னலோரம் போன?"ன்னாரு. நான் போற எடத்துக்கெல்லாம் எனக்கு முன்னாடி நான் போயிருக்கேன். இந்த மாதிரி ஒரு கேலிய நான் யாரையும் பண்ணதில்ல.

முசரவாக்கம் தாண்டல, அதுக்குள்ள ரோட்டோரம் ஒரு புளியமரம். அதுக்கு கீழ செவப்பா ஒண்ணு. அக்காதான். கல்லு மேல குந்திக்கினு, பைய மடியில அணச்சிக்கினு இருந்துச்சு. மூஞ்சி செவந்து காஞ்சி போயிருக்குது, ஒரு சொட்டு வேர்வ இல்ல. பல்லு கடகடன்னு அடிக்குது. பாதம் கொப்பளிச்சிக் கெடக்குது. "குளுருதுடி, குளுருதுடி"ன்னு மொனவிக்கினு இருந்துச்சு. தொட்டா ஒடம்பு அடுப்பு மாதிரி கொதிக்குது.

குல்லாவ உருவுனேன். சொட்டர கழட்டப் போனா கைய தட்டி வுடுது. தம்பி ஓடிப்போயி பக்கத்து வயல்ல பம்பு செட்டுலேந்து தண்ணி புடிச்சிக்கினு வந்து தலையில ஊத்துனான். அதுக்கப்பறம்தான் அக்கா கண்ண முழிச்சி என்னைப் பாத்துச்சு. உடனே தலைய திருப்பி, தன் பக்கத்துல காலியா இருந்த எடத்தப் பாத்துச்சு. திரும்ப என்னைப் பாத்துச்சு.

"நீ இங்க நிக்கிற... அப்ப இது யாரு?"

நான் ஒரு அடி பின்னாடி வெச்சிட்டேன். அந்தக் கல்லுல ரெண்டு பேரு குந்தலாம். அக்கா ஓரமா ஒதுங்கி, ஒருத்தருக்கு எடம் வுட்டுத்தான் குந்திக்கினு இருந்துச்சு.

ஆட்டோவுல என் மடியில தலைய வெச்சிக்கினு கொஞ்சம் கொஞ்சமா சொல்லுச்சு. "காலைல வாசல்ல நின்னேன்டி. நீ தெருவோட போன. சொட்டரு போடாம போறியே, கல்லாயிடுவியேன்னு பைய எடுத்துக்கினு ஓடியாந்தேன். கூப்ட கூப்ட திரும்பவே இல்ல. வர வர குளுரு தாங்கல, நானே எடுத்து மாட்டிக்கினேன். வர வர குளுரு தாங்கல, நானே எடுத்து மாட்டிக்கினேன். நீ எறங்குன, நானும் எறங்குனேன். நீ அந்த மரத்தடியில போயி குந்திக்கின. சரி நின்னுட்டான்னு நானும் பக்கத்துல குந்திட்டேன்."

நான் அன்னிக்கு வாசப்படி தாண்டுனதே வெயிலு ஏறினப்பறம், முறுக்குக் கவரு வாங்கத்தான்.

ஆஸ்பத்திரில ட்ரிப்ஸு ஏத்தினாங்க. இன்னும் கொஞ்ச தூரம் வெயில்ல நடந்திருந்தா பொழச்சிருக்காது, நெழல்ல குந்துனதுதான் காப்பாத்துச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. பேத்தி, "வெயிலு மூளைக்கு ஏறுனா இல்லாதது தெரியும் ஆயா"ன்னா. இருக்கலாம். படிச்ச பொண்ணு சொல்லுது. ஆனா தெரிஞ்ச அந்த இல்லாதது, எதுக்கு பாத்து பாத்து நெழல்ல போயி குந்துச்சுன்னு கேட்டேன். இத எழுதும்போதும் கேட்டேன்.

மத்தவங்கள வற்புறுத்தி ரயிலேத்தி வுட்டேன். நான் போகல. அந்த வாரம் பூரா அக்கா கட்டிலுக்குப் பக்கத்துல குந்திக்கினு, போன்ல பனிமலைய பாத்தேன். பேத்தி அங்கேந்து ஆட்டம் போட்டுக் காட்னா. அக்கா எட்டிப் பாத்து, "பாவம், யாரோ உப்ப கொட்டிட்டாங்க"ன்னுச்சு. சிரிச்சி சிரிச்சி எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

இப்பவும் தெனம் சாயங்காலம் அக்காவ பாக்கப் போறேன். நெறைய நாளு என்னை யாருன்னே தெரியறதில்ல. தெரியிற நாள்ல என் கைய புடிச்சி, ஒரு தடவ அழுத்திப் பாத்துட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேக்கும்.

"ஏன்டி, நீ போயிட்டியா, இருக்கியா?"

"இருக்கேன்க்கா"ன்னு சொல்லுவேன்.

எழவு வூட்ல கூட நாலு பேர சிரிக்க வெச்சிட்டு வர்ற வாயி இது. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இன்னிய வரைக்கும் அதுல கேலி வந்ததில்ல.