முப்பத்தொன்பதாம் பக்கம்

என் தங்கை ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வார்டில் நர்ஸ். ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் நாளில், எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது, முதுகில் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கூட வந்தவர்களிடம் பொறுமையாகச் சொல்லுவாள். அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். சில நாளில் புண்ணோடு திரும்பி வருவார்கள்.

"காதுல வாங்குனது வாசல் தாண்டுறதுக்குள்ள கொட்டிப்போகுதுக்கா. கையில குடுத்தனுப்பணும்" என்பாள். அப்படித்தான் புத்தகம் எழுத உட்கார்ந்தாள்.

எங்கள் குடும்பத்தில் புத்தகம் எழுதியவர்கள் கிடையாது. நான் எட்டாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு சட்டைக் கம்பெனியில் தையல் சரிபார்க்கப் போனவள். கோணல் தையல் என் கண்ணுக்குத் தப்பாது என்பதால் பிழை பார்ப்பதை என்னிடம் விட்டாள். வரிக்கு வரி அடிமட்டத்தை நகர்த்தி வைத்துப் படித்தேன்.

நோயைப் பற்றிய புத்தகம் விற்காது என்று இரண்டு பதிப்பகங்கள் கைவிரித்துவிட்டன. நாமே போட்டுக்கொள்ளலாம் என்றாள். அதற்கென்று இருக்கும் இணையதளத்தில் ஏற்றிவிட்டால் செல்போனில் படிக்கிற மின்நூலாகவும் வரும். கேட்பவர்களுக்கு அச்சடித்தும் அனுப்புவார்கள். விளம்பரப் பலகைக் கடை வைத்திருக்கும் அத்தான் அட்டை செய்துகொடுத்தார். அச்சிட்ட மாதிரிப் பிரதி வந்ததும் அதைக் கம்பெனிக்கு எடுத்துப்போய் சூப்பர்வைசர் கண்ணில் படும்படி மேஜையில் வைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

வெளியிடுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் பயன்படுத்திப் பார்க்கட்டும் என்று, கீழ்வீட்டு மெக்கானிக்கின் போனுக்குத் தங்கை மின்நூலை அனுப்பினாள். பக்கவாதத்தில் விழுந்த மனைவியைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவர் அவர். மறுநாள் காலையில் கூப்பிட்டார்.

மனைவியை ஒருக்களித்து, ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையில் போனைப் பார்த்திருக்கிறார். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்கும் விதத்துக்கு முப்பத்தொன்பதாம் பக்கம் பார்க்க என்று இருந்திருக்கிறது. கண் சரியாகத் தெரியாததால் அவர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். அவருடைய முப்பத்தொன்பதாம் பக்கத்தில் பல் விளக்கிவிடுவது எப்படி என்று இருந்தது. தேடுவதற்குள் கை மரத்துப்போய் மனைவியை மல்லாக்கவே விட்டுவிட்டாராம்.

"தலையணை வைக்கவா, பல் விளக்கவா, நீங்களே சொல்லுங்கம்மா" என்றார்.

தங்கையின் முகம் செத்துப்போயிற்று. வார்டில் அது பழக்கம். நோயாளியின் குறிப்பேட்டில் ஒரு முறை எழுதியதை மறுபடி எழுதாமல், இன்ன பக்கம் பார்க்க என்று போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். புத்தகம் நெடுக அப்படியே போட்டிருந்தாள். தாளில் பக்கம் இருந்த இடத்தில் இருக்கும். போனில் எழுத்துப் பெரிதானால் பக்கமும் நகர்ந்துவிடும்.

அச்சுப் புத்தகம் சரியாகத்தானே இருக்கிறது, அதையாவது வெளியிடு என்றேன்.

"ஆளை ஒரு கையில புடிச்சுக்கிட்டு, புத்தகத்த மட்டும் எப்படிக்கா புரட்டுவாங்க? இந்த ஒரு மனுஷருக்கே உதவாதத வெளிய விட்டு என்ன பண்ண? மறுபடியும் அவர் தடுமாறினார்னா இத மூட்ட கட்டிரலாம்."

பக்க எண் இருந்த இடத்திலெல்லாம் செய்ய வேண்டியதை முழுதாகத் திரும்ப எழுதினாள். புத்தகம் பருத்தது. அதன் முதுகில் இருந்த தலைப்பு ஒருபக்கமாக ஒதுங்கிப்போனதால் அத்தான் அட்டையை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

"தையல்காரி வீட்டுல அளவு சொல்லத் தெரியல. இன்னும் எவ்வளவு குண்டாகும்னு இப்பவே சொல்லிருங்க" என்று என்னைத்தான் பிடித்துக்கொண்டார்.

புது மின்நூலைக் கீழே அனுப்பினாள். இந்த முறை அவரிடமிருந்து பேச்சே இல்லை. படிக்காமல் விட்டாரோ, வெறுத்துப்போனாரோ என்று தங்கைக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மத்தியானம் என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அந்த அம்மா இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. போன் அடுத்த அறையில் சார்ஜில் கிடந்தது.

"என்னம்மா, இந்தத் தலையணையப் பத்தி எத்தன எடத்துலதான் சொல்லுவீங்க?" என்றார் மெக்கானிக். "சத்தமா வாசிச்சு வாசிச்சு மனப்பாடமாயிருச்சு. இப்பல்லாம் பாக்குறதே இல்ல."

"எனக்கும்தான்" என்றார் அவர் மனைவி, குழறலாக.

தங்கை குனிந்து அந்த அம்மாவின் முதுகையும் இடுப்பையும் பார்த்தாள். தோலில் சிவப்பு எங்கும் இல்லை. மேலே வந்து கம்ப்யூட்டரைத் திறந்து, முதலில் மின்நூலையும் பிறகு அச்சுப் புத்தகத்தையும் வெளியிட்டாள். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று உடனே பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.