மரத்தைத் தொட்டுக் கும்பிட்ட கை

எண்பதுகளின் தொடக்கத்தில் என் அண்ணன் மகள் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு படித்தாள். தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும், அதைப் பற்றிக் கட்டுரையும் எழுத வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் அவள் ஆராய்ச்சி. நான் அப்போது புந்தோங்கிலிருந்து ஜெலாப்பாங் தொழிற்சாலைக்குப் பஸ்ஸில் போய்வந்தேன். அதற்கு முன் பதினெட்டு வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள், பட்டையைச் சீவிப் பால் எடுத்தவள். அதனால் படத்தில் என் கைதான்.

எங்கள் பழைய தோட்டம் பாதி செம்பனை எண்ணெய்த் தோட்டமாகிவிட்டது. மிச்சமிருந்த பால்மரம் ஒன்றில் வெட்டிக் காட்டினேன். உளியை வைக்குமுன் வழக்கம்போல மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தாள். நான் சாமி விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"அத்தை, பேராசிரியர் படம் பார்த்தாரு. நீங்க மரத்தைக் கும்பிடுறது அடிமைப் பழக்கமாம். தோட்டத்துத் துரைக்குப் பயந்து பயந்து, அவரு மரத்தையும் கும்பிடுறீங்களாம். கட்டுரையில அப்படித்தான் எழுதணுமாம்."

தீக்குச்சி விரலைச் சுட்டது.

"அவரு ஒரு மரமாச்சும் வெட்டியிருக்காரா?"

"கோட்பாடுன்னு ஒண்ணு இருக்கு அத்தை. பெரிய பெரிய புத்தகம்லாம் அப்படித்தான் சொல்லுது."

"புத்தகத்துக்கு என்னைத் தெரியுமா லா? வேலை வாங்குற தண்டல் ஒண்ணு திட்டினா நான் ரெண்டு திட்டுவேன், உங்கப்பனைக் கேளு. மரத்தைக் காயம் பண்ணித்தானே சோறு தின்னோம்? 'தாயே, பொறுத்துக்கோ'ன்னு மாரியம்மாகிட்ட கேட்டேன். அது அடிமைத்தனமா?"

"பேசாம படத்துல அந்த இடத்தை வெட்டி எடுத்துடவா? பிரச்சினையே இல்ல."

"எடு. என் கையையும் சேர்த்து எடுத்துடு. வேற ஆளைப் பாரு."

அவள் பையிலிருந்து ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இப்ப திட்டினீங்கள்ல, அதை அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். படத்தில் என் கை மரத்தைத் தொடும் இடத்தில் அந்தக் குரலைச் சேர்த்தாள். கட்டுரையில் பேராசிரியர் சொன்னதையும் எழுதி, அதன் கீழே, 'தொட்டவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை' என்று எழுதினாள்.

கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் பேருக்கு அர்ச்சனை செய்தேன். ஆனால் என் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றச் சொல்லி அவளும் கேட்கவில்லை.

மறு வருஷம் கட்டுரையில் நான் சொன்னதை விளக்கி இன்னும் பல பக்கம் சேர்த்துக் கொடுத்தாள். படத்தில் ஒரு நொடியும் குறைக்கவில்லை. அந்தப் படத்துக்குத்தான் பட்டம் வாங்கினாள்.