போர்ட் எலிசபெத் யானை தலையைத் தொட்டது

இன்று திருமயம் பஸ்ஸில் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வெள்ளைக்காரன் கப்பலில் சமையல்காரராம், லீவில் ஊருக்கு வருகிறார். நான் பூகோள வாத்தியார் என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டார்.

"தென்னாப்பிரிக்காவுல போர்ட் எலிசபெத்னு ஒரு துறைமுகம் சார். கடல்ல காலை நனைக்கலாம்னு போனேன். வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு போர்டு வச்சிருந்தான். திரும்பிட்டேன்."

மறுநாள், அங்கே லாரி ஓட்டும் தமிழர் ஒருவர் இவரைப் பக்கத்து யானைக் காட்டுக்கு அழைத்துப் போனாராம். யானைகள் வெளியே வராதபடி தண்டவாள இரும்பு நட்டு வேலி. உள்ளே அவற்றுக்கு லாரி லாரியாக ஆரஞ்சுப் பழம் கொட்டுவார்களாம்.

"ஒரு பெரிய யானை வேலிகிட்ட வந்துச்சு சார். செருப்பைக் கழட்டிட்டு, ஒரு பழத்தை நீட்டித் தலையைக் குனிஞ்சு நின்னேன்."

"ஐயையோ, அது காட்டு யானைங்க!"

"யானைன்னா நமக்கு வேற என்ன சார் தெரியும்? பழத்தை வாங்கிக்கிச்சு. தும்பிக்கையால தலையைத் தடவிட்டுப் போயிருச்சு."

நம்புவதா வேண்டாமா என்று விழித்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஊர்ல எங்கிட்டுப் போனாலும் தள்ளி நில்லுன்னாங்க சார். அது ஒண்ணுதான் கிட்ட வந்துச்சு. அது ஆசீர்வாதமா, இல்ல இன்னொரு பழம் இருக்கான்னு தேடுச்சா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

"ஆசீர்வாதந்தாங்க" என்றேன். சிரித்த முகத்தோடு இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் குழப்பம். நம் கோயில் யானை மட்டும் எதற்காகத் தலையைத் தொடுகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.