திரையில் ஓடிய ஊர்ப்பெயர்

செம்பூரில் ஒரு செய்தி சேனலுக்கு நான் ஆசிரியராக இருந்தபோது, அவர் எங்கள் போர்முனை நிருபர், தாராவிக்காரர். ஒல்லியான மனிதர். எங்கே போனாலும் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார்.

"நாங்க கிளம்புத வரைக்கும் ஊர்ப்பேரக் காட்டாதீய சார். குண்டு போடுதவனும் டிவி பாக்கான்" என்று ஒருமுறை போர்முனையிலிருந்து போனில் கெஞ்சினார். நான் காட்டினேன். சற்று நேரத்தில் அவர்கள் தங்கியிருந்த வீட்டின்மேல் குண்டு விழுந்தது. கேமராமேனுக்கு ஒரு கால் போய்விட்டது.

திரும்பி வந்ததும் கேட்டார்: "சொன்னேம்லா சார், ஏன் காட்டுனிய?"

"மத்த சேனல்காரன் முந்திடுவான்யா."

"அவன் ஸ்டுடியோவுல இருந்தான் சார். அங்க கெடந்தது நாங்கள்லா!"

அன்று, சேனல் முதலிடம் பிடித்ததற்காக அலுவலகத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தோம். வெட்கங்கெட்ட நான் அவருக்கும் ஒரு துண்டு நீட்டினேன். அவர் ஏன் என்னை அறையவில்லை என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.